ராமேசுவரம் தீவின் பறவைக் கணக்கு: திருவிழாவா, செயலியா, ஊர் நோட்டா?

2025 ஜூன் 5ஆம் தேதி, தனுஷ்கோடியில் 524.7 ஹெக்டேர் பரப்பைப் பெரும் பூநாரைச் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. 2023-24ஆம் ஆண்டின் ஈரநிலப் பறவைக் கணக்கெடுப்பில் அந்தப் பகுதியில் 128 வகைகளைச் சேர்ந்த 10,700க்கும் மேற்பட்ட பறவைகள் பதிவாகியிருந்தன. அது வனத்துறை எடுத்த கணக்கு. தீவில் பிறந்து, தீவிலேயே பிழைப்பவர்கள் தாங்களாக எழுதும் கணக்கு ஒன்றும் வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆர்வமுள்ள இரண்டு ஆசிரியர்கள், சில மீனவர்கள், கல்லூரி முடித்து ஊருக்குத் திரும்பிய ஓர் இளைஞர், கையில் ஒரு சிறு தொகை. இப்படி ஒரு குழு இருந்தால் அது எங்கே தொடங்குவது?

வழிகள் நான்கு கண்முன் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை ஊர்கூடிக் கணக்கெடுக்கும் விழா. ஆளுக்கொரு கைப்பேசிச் செயலி. ஊருக்குப் பொதுவான ஒரு நோட்டு. நிதி திரட்டிக் கட்டும் பறவை ஆய்வு மையம். நான்கும் நல்லவைதான் என்று சொல்லி நழுவிவிடலாம். ஆளும் காசும் குறைவாக இருக்கும் இடத்தில், முதல் இரண்டு ஆண்டு உழைப்பு எதில் போகிறது என்பதே அதற்குப் பிந்தைய காலத்தையும் தீர்மானிக்கிறது. என் தேர்வை இப்போதே சொல்லிவிடுகிறேன்: நோட்டு முதலில். செயலி அதன் பின்னால், விழா அதற்குத் துணையாக. கட்டடம் இப்போதைக்கு வேண்டாம்.

ஆடி மாதத்தில் யார் இருப்பார்கள்?

இந்த ஒப்பீட்டை நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் செய்கிறேன். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று மணலை வாரி இறைக்கும் மாதங்களில், வெளியூர்க்காரர் ஒருவரும் கேமராவோடு வராத நேரத்தில், தீவின் கோடியான அரிச்சல்முனையில் என்ன இருந்தது என்று யார் எழுதுவார்கள்?

பறவை பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் ஐப்பசியிலிருந்து பங்குனிக்குள் வருகிறார்கள். அது இயல்புதான். மத்திய ஆசிய வழித்தடத்தில் வலசை வரும் உள்ளான், உப்புக்கொத்தி போன்ற கரைப்பறவைகள் அப்போதுதான் களப்பில், அதாவது கடலோரத்து ஆழமற்ற நீர்ப்பரப்பில், நிறைந்திருக்கும். பூநாரைகளும் அப்போதுதான் தெரியும். ஆனால் தீவின் பறவை வாழ்க்கை பங்குனியோடு முடிந்துவிடுவதில்லை. சித்திரைக்குப் பிறகு மணல் தீடைகளில் ஆலாக்கள் என்னும் கடற்பறவைகள் வெறுந்தரையில் முட்டையிடுகின்றன. முதல் வயது தாண்டாத கரைப்பறவைகள் பலவும் வடக்கே திரும்பாமல் கோடை முழுவதும் இங்கேயே தங்கிவிடுகின்றன. எத்தனை தங்குகின்றன, எந்தக் கரையில் தங்குகின்றன என்பது வருகையாளர் எழுதும் பட்டியல்களில் அகப்படாது.

இதன் அருமை தெரிய ஒரு சின்னப் பறவை போதும். கரையோரம் ஓடி ஓடி நிற்கும், கைப்பிடிக்குள் அடங்கும் உப்புக்கொத்தி ஒன்று. ஐரோப்பாவிலிருந்து கிழக்காசியா வரை பரவியுள்ள ஓரினத்தின் உள்ளூர் வடிவம் என்றே இதை நெடுங்காலம் கருதினார்கள். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் குடியிருந்து குஞ்சு பொரிக்கும் இந்தப் பறவை தனியினமே என்று 2023இல் ஆய்வாளர்கள் நிறுவினார்கள். ராமர் பாலத்தின் இரு கரையிலும் வாழ்கிறது என்பதால் அனுமன் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். குளிர்காலத்தில் வலசை வரும் இதன் நெருங்கிய உறவினங்களோடு கலந்து நிற்கும்போது பிரித்தறிவது கடினம். கோடையில் மணலில் குஞ்சோடு நிற்பதைப் பார்த்து எழுதினால் அந்தக் குழப்பமே இல்லை. நம் தீவின் பெயரோடு ஒட்டிய ஒரு பறவையைப் பற்றிய மிகப் பயனுள்ள குறிப்பை, கோடையில் இங்கே இருப்பவர்தான் எழுத முடியும்.

விழா

தமிழ்நாட்டுக்குப் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு 2015 முதல் வழக்கமாகிவிட்டது. பிப்ரவரியில் நான்கு நாள் நடக்கும் உலகளாவிய பறவைக் கணக்கெடுப்பில் இந்தியா 2013 முதல் கலந்துகொள்கிறது. 1987இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் ஜனவரியில்தான். விழா முறைக்கு உள்ள வலிமை வெளிப்படையானது. பொங்கல் விடுமுறையில் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். வெளியூர்ப் பறவை ஆர்வலர்கள் வழிகாட்ட வருவார்கள். முதன்முறையாகத் தொலைநோக்கியில் ஒரு பூநாரையின் வளைந்த அலகைப் பார்க்கும் சிறுமிக்கு அந்த நாள் மறக்காது. செய்தித்தாளில் படமும் வரும். அதைப் பார்த்து ஊராட்சித் தலைவர் அடுத்த கூட்டத்துக்கு வருவார். இவற்றை நான் குறைத்து மதிக்கவில்லை.

ஆனால் மேலே சொன்ன மூன்றும் தை, மாசியைச் சுற்றியே வருவதைக் கவனியுங்கள். மே மாதத்தில் உலக அளவில் ஒருநாள் கணக்கெடுப்பு ஒன்று உண்டு என்றாலும் இந்தக் கரையில் அதைச் சுற்றி விழா எதுவும் உருவாகவில்லை. ஆகவே விழாவை மட்டும் நம்பினால், ஏற்கெனவே ஓரளவு தெரிந்த மாதங்களைப் பற்றியே மேலும் மேலும் தெரிந்துகொள்வோம். இன்னொரு குறையும் உண்டு. ஐம்பது பேர் ஒரே நாளில் களப்பின் ஓரமாக நடந்தால் பறவைகள் எழும்பி அடுத்த கரைக்குப் போகும். அங்கே நிற்கும் குழு அவற்றையே மறுபடி எண்ணும். பழக்கமுள்ள ஒருங்கிணைப்பாளர் இதைத் தவிர்ப்பார். அப்படி ஒருவர் உருவாவதற்கே சில ஆண்டுகள் உள்ளூர்க் கணக்கு தேவை.

விழாவை அழைப்பிதழாக வைத்துக்கொள்ளலாம். ஆண்டு முழுக்க எழுதுபவர்கள் பொங்கலன்று புதியவர்களைக் கூட்டிப்போய்க் காட்டட்டும். அதற்குமேல் எதையும் அதன் தலையில் ஏற்ற வேண்டாம்.

செயலி: எது, யார் கையில்?

செயலி என்று பொதுவாகச் சொல்கிறோம். நம் குழுவுக்குப் பயன்படக்கூடியவை இரண்டு. இரண்டும் முற்றிலும் வேறான காரியங்களைச் செய்கின்றன.

ஈபேர்ட் 2002இல் அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் சேர்ந்து தொடங்கியது. பறவைக்கு மட்டுமே அதில் இடம். எங்கே, எப்போது தொடங்கி எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம், எத்தனை பேர் பார்த்தீர்கள் என்று கேட்கும். பிறகு ஒரு கேள்வி வரும்: அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் எழுதினீர்களா? அதன் உயிரே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஆம் என்று சொன்னால், பட்டியலில் இல்லாத பறவை அன்று அங்கே கண்ணில் படவில்லை என்பதும் தகவலாகிவிடுகிறது. நண்டுதின்னி என்ற கரைப்பறவை இருந்தது என்பதை எல்லோரும் எழுதுவார்கள். இந்த மாதம் ஒன்றுகூட இல்லை என்பதை எழுத வைப்பதுதான் அருமை. அதற்குத் தோதான அமைப்பு ஈபேர்டில் இருக்கிறது. சரியாக இனம் பிரிக்க முடியாவிட்டால் உள்ளான் வகை என்று பொதுவாகப் போடவும் இடம் தருகிறது. இணைப்பு இல்லாத இடத்தில் எழுதி வைத்து, ஊர் திரும்பியபின் ஏற்றலாம்.

ஐநேச்சுரலிஸ்ட் 2008இல் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களின் முதுநிலைத் திட்டமாகப் பிறந்தது. அங்கே எந்த உயிரும் சேரும். செத்துக் கரை ஒதுங்கியதும் சேரும். ஒரு படம், ஒரு தேதி, ஓர் இடம் போதும். பெயர் தெரியாமலே போடலாம், உலகின் ஏதோ ஒரு மூலையிலிருந்து தெரிந்தவர் வந்து சொல்வார். ராமேசுவரம் போன்ற தீவுக்கு இது பெரிய வரம். இங்கே வியப்புக்குரியவற்றில் பாதி தண்ணீருக்குள் இருக்கிறது: சங்கு, சிப்பி, நண்டு, நட்சத்திர மீன், பாசி வகைகள், எப்போதாவது கரையில் கிடக்கும் ஆமை. தென்கடல் பக்கம், அதாவது மன்னார் வளைகுடாவில், 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகள் வரிசையாக நிற்கின்றன. குருசடைத் தீவு பாம்பனுக்கு எதிரிலேயே இருக்கிறது. வலையில் சிக்கியதைப் படம் எடுத்துப் போடும் ஓர் இளம் மீனவர் அறிவியலுக்குச் செய்யும் தொண்டு மிகப் பெரியது.

ஆனால் ஐநேச்சுரலிஸ்டில் இல்லாமை பதிவாவதில்லை. கண்ணைக் கவர்ந்தது, அருகில் நின்றது, படம் எடுக்க விட்டது, இவைதாம் சேரும். கடலோரத்து உள்ளான்கள் இருநூறு மீட்டருக்கு அப்பால் நிற்பவை. சாதாரணக் கைப்பேசிக் கேமராவில் புள்ளியாகத்தான் விழும். எனவே பறவைக்கு ஈபேர்ட், மற்றெல்லா உயிருக்கும் ஐநேச்சுரலிஸ்ட் என்று பிரித்துக்கொள்வதில் எனக்குத் தயக்கமே இல்லை. இரண்டில் ஒன்றைத்தான் பழக்க முடியும் என்றால்? பள்ளிப் பிள்ளைகளுக்கு ஐநேச்சுரலிஸ்ட். கேள்வி கேட்டுப் பதில் பெறும் மகிழ்ச்சி அதில்தான் உடனே கிடைக்கும்.

கார்னெலின் மற்றொரு செயலியான மெர்லின், படத்தையும் குரலையும் வைத்துப் பறவையின் பெயரைச் சொல்லும். பழகுவதற்கு அருமையான துணை. காற்று ஓயாத கரையில் குரல் பதிவை நம்பி எழுத வேண்டாம்.

இனி யார் கையில் என்ற கேள்வி. இங்கேதான் செயலிவழி எனக்கு இடறுகிறது. வழிகாட்டிக் கூட்டங்களில் ஆளுக்கொரு பயனர் கணக்கு தொடங்கித் தருவார்கள். கடவுச்சொல்லை மறந்த அன்றே பலருடைய ஈடுபாடு முடிந்துவிடும். அரிய பறவையை எழுதினால், பதிவுகளைச் சரிபார்க்கும் மதிப்பீட்டாளரிடமிருந்து ஆங்கிலத்தில் விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வரலாம். அது ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளும் நல்லெண்ணக் கேள்விதான். ஆனால் முதன்முறை எழுதிய ஒரு பெண்ணுக்கு, நீ பொய் சொல்கிறாய் என்று எவரோ சொல்வதுபோல் படும். அதோடு அவர் விலகிவிடுவார். இதையெல்லாம்விடக் கனமான காரணம் ஒன்று இருக்கிறது.

எழுதியது எழுதியவரையே சுடக்கூடாது

இந்தக் கடலில் ஒருவர் எங்கே இருந்தார் என்பது சாதாரணத் தகவல் அல்ல. வடகடலான பாக் நீரிணையில் சற்றுத் தள்ளிப் போனால் சர்வதேச எல்லை. தென்கடலில் தேசியப் பூங்கா. பாசி எடுக்கும் பெண்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கிய இடங்கள் சில இன்று பூங்காவின் எல்லைக்குள் வருகின்றன. கடல் அட்டையைப் பிடிப்பது 2001 முதல் சட்டப்படி குற்றம். இந்நிலையில் இருப்பிடத்தோடும் நேரத்தோடும் தன் பெயரில் ஒரு பதிவை இணையத்தில் போடச் சொன்னால், கடலுக்குப் போகிற எவரும் ஒருமுறை யோசிப்பார். யோசிக்கத்தான் வேண்டும். தாங்கள் பார்த்ததைச் சொன்னால் அது தங்களுக்கே எதிராகத் திரும்புமோ என்ற அச்சம் இருக்கும்வரை, எவ்வளவு நல்ல செயலியும் அவர்களிடமிருந்து ஒரு வரி பெறாது.

ஈபேர்டில் நடந்த பாதையைப் பதிவு செய்வதை நிறுத்திவைக்கலாம். ஐநேச்சுரலிஸ்டில் இடத்தை மங்கலாக்கும் வசதி உண்டு. அழியும் நிலையிலுள்ள உயிர்களுக்கு அது தானாகவே மங்கலாக்குகிறது. அப்படி மங்கலாக்கப்படும் கட்டம் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் அகலம்; நம் தீவின் பெரும்பகுதி அதற்குள் மறைந்துபோகும். இவை நல்ல ஏற்பாடுகள்தாம். ஆனால் அமைப்புப் பக்கத்தில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று தெரிந்தவருக்கே இவை பாதுகாப்பு. கடலில் இருந்து திரும்பி வந்து, மீனவர் சங்கக் கட்டடத்தில் இருக்கும் நோட்டில் 'கரையிலிருந்து பார்த்தது', 'கடலில் பார்த்தது' என்ற இரண்டில் ஒன்றைக் குறித்து எண்ணிக்கையை எழுதுவது எவருக்கும் புரியும், எவருக்கும் கேடில்லை.

பறவைக்கும் இதே கவனம் தேவை. ஆலாக்களின் முட்டைகள் மணலில் வெட்டவெளியாகக் கிடக்கும். அவை முட்டையிட்ட இடம் இணையத்தில் தெரிந்தால் அடுத்த ஞாயிறு அங்கே கேமராக்கள் வந்துவிடும். தாய்ப் பறவை பத்து நிமிடம் எழுந்து நின்றால் போதும், அந்த வெயிலில் முட்டை வெந்துபோகும். காகம் ஒருபக்கம், நாய் ஒருபக்கம். ஆகவே எந்த முறையானாலும் கூட்டின் இடமும் படமும் குஞ்சுகள் பறந்த பிறகே வெளியே போக வேண்டும். எழுதியதை உடனே உலகுக்குக் காட்டத் தூண்டுவது செயலியின் இயல்பு. பொறுத்திருந்து காட்ட நோட்டால் முடியும்.

ஃபேர் ஐல் தீவிலிருந்து ஒரு பாடம்

கட்டடம் வேண்டும் என்பவர்கள் எடுத்துக்காட்டாகச் சொல்வது ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஆர்க்னிக்கும் ஷெட்லாந்துக்கும் நடுவில் கிடக்கும் ஃபேர் ஐல் தீவைத்தான். ஐந்து கிலோமீட்டர் நீளம்கூடத் தேறாத, நூறு பேருக்கும் குறைவாக வாழும் தீவு. ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் என்ற பறவை ஆர்வலர் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் கைதியாக இருந்தபோதே அங்கே ஓர் ஆய்வு மையம் அமைக்கத் திட்டம் தீட்டினார். போர் முடிந்து தீவையே விலைக்கு வாங்கினார். 1948இல் மையம் திறந்தது. இன்று உலகப் பறவை ஆர்வலர்கள் அறிந்த பெயர் அது.

அந்தக் கதையின் முற்பகுதி குறைவாகவே பேசப்படுகிறது. 1905இல் வில்லியம் ஈகிள் கிளார்க் என்ற பறவையியலாளர் வலசையை ஆராய அத்தீவுக்குப் போனார். தாம் சில வாரங்கள்தாம் தங்க முடியும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் தீவுவாசியான ஜார்ஜ் ஸ்டவுட் என்பவரைப் பழக்கி, தாம் இல்லாத மாதங்களில் அவரைக் குறிப்பெடுக்க வைத்தார். பின்னர் வேறு தீவுவாசிகளும் அந்த வேலையைத் தொடர்ந்தார்கள். வாட்டர்ஸ்டன் மையம் திறப்பதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அந்தத் தீவு பறவைக்குப் பேர்போனதாகிவிட்டது. அந்தப் பேரை உண்டாக்கியது அங்கேயே குடியிருந்தவர்களின் குறிப்புகள்.

மையம் வந்த பிறகும் அதன் நடு வேலை எளிமையானதுதான். மாலையில் எல்லோரும் கூடுவார்கள். ஒருவர் பறவைப் பெயர்களை வரிசையாக வாசிப்பார். அன்று யார் யார் எத்தனை பார்த்தார்கள் என்று சொல்லச் சொல்ல எழுதுவார்கள். இதற்குத் தேவை ஒரு மேசையும் ஒரு விளக்கும். 2019 மார்ச்சில் மையத்தின் கட்டடம் முழுவதும் தீயில் அழிந்தது. திரும்ப எழுப்பப் பல ஆண்டுகள் பிடித்தன. 1948 முதல் எழுதிய பறவைப் பதிவுகள் அதற்கு முன்பே கணினியில் ஏற்றப்பட்டிருந்ததால் தப்பின.

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி என்ற ஊரையே இழந்த தீவு நம்முடையது. இங்கே கட்டடத்தில் போடும் காசு உப்புக்காற்றோடும் புயலோடும் ஒவ்வோர் ஆண்டும் போராட வேண்டியிருக்கும். கட்டினால் யார் பராமரிப்பது, யார் சாவி வைத்திருப்பது என்ற வழக்கே முதல் ஆண்டைத் தின்றுவிடும். பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் பள்ளிகள் இருக்கின்றன, மீனவர் சங்கங்கள் இருக்கின்றன. மேசைக்கும் விளக்குக்கும் இங்கே பஞ்சமில்லை.

நோட்டு எப்படி இருக்க வேண்டும்

சும்மா ஒரு நோட்டை வைத்துவிட்டுப் போனால் ஒரு மாதத்தில் அது கடைக் கணக்காக மாறிவிடும். அதனால் இதைச் சற்று விரித்தே சொல்கிறேன்.

இடங்களை முதலில் நான்காகக் குறுக்குங்கள்: கோதண்டராமர் கோயில் களப்பு, அரிச்சல்முனை, குந்துகால், ஓலைக்குடா. வடகடல், தென்கடல் இரண்டும் இதில் வந்துவிடும். ஒவ்வோர் இடத்திலும் நின்று பார்க்கும் புள்ளி மாறவே கூடாது. மாதத்துக்கு இரண்டு முறை, காலையில், ஒரு மணி நேரம். இது கடினமான கட்டளை அல்ல. ஆனால் பன்னிரண்டு மாதமும் நடக்க வேண்டும். பிரிட்டனில் நீர்ப்பறவைகளை ஓதம் ஏறும் நேரம் பார்த்து எண்ணுவார்கள், அங்கே கடல் பல மீட்டர் ஏறி இறங்குவதால். நம் பக்கம் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரைத் தொடுவதில்லை. களப்பில் நீர் எங்கே நிற்கிறது என்பதைக் காற்றும் பெருமளவு தீர்மானிக்கிறது. எனவே நோட்டில் காற்றுக்கு ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும். வாடையா, கச்சானா, கொண்டலா என்று எழுத மீனவருக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. வேறெந்த ஊர்ப் பதிவிலும் கிடைக்காத நுட்பமான தகவல் அது.

தேதி, இடம், தொடங்கிய நேரம், முடித்த நேரம், எண்ணியவர்கள் எத்தனை பேர், காற்று, தண்ணீர் நிற்கும் அளவு. பிறகு பறவைகள். பூநாரை, நண்டுதின்னி, குதிரைமலைக்கோட்டான், கல்திருப்பி, கடற்காகம், செம்பருந்து என்று தெளிவாகத் தெரிபவற்றுக்குத் தனித்தனி வரி. சின்ன உள்ளான்கள் அனைத்துக்கும் சேர்த்து ஒரு வரி. ஆலாக்களில் பெரியது, சின்னது என்று இரண்டு வரி. நிபுணர்கள் இதைப் பார்த்து முகம் சுளிக்கலாம். தவறாகப் பிரித்து எழுதிய பத்து வரியைவிட நேர்மையாகச் சேர்த்து எழுதிய ஒரு வரி மேலானது. கூடவே, எல்லாவற்றுக்கும் கடைசியில், 'ஒன்றும் இல்லை' என்று ஒரு கட்டம். வெறுங்கரையைப் பார்த்துத் திரும்பிய நாளும் எழுதத்தக்க நாள்தான் என்பதை அந்தக் கட்டம் ஒவ்வொரு முறையும் நினைவூட்டும்.

பெருங்கூட்டத்தை எண்ணும் முறையை ஒரே காலையில் கற்றுக்கொடுத்துவிடலாம். முதலில் பத்துப் பறவை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அதே அளவை மேலே மேலே வைத்துப் போவது. கூட்டம் பெரிதானால் நூறை அளவாகக் கொள்வது. மீன்கூடையைப் பார்த்தவுடன் இத்தனை கிலோ என்று சொல்லும் கண்ணுக்கு இது வரவே செய்யும்.

காசு எங்கே செலவாக வேண்டும்? பென்சிலில் எழுதுங்கள், உப்பு ஈரத்தில் பேனா மை பரவும். ஊரிலேயே தங்கும் இரண்டு பைனாகுலர், சங்கத்தில் ஒன்று, பள்ளியில் ஒன்று, எவர் கேட்டாலும் கொடுப்பதாக இருக்க வேண்டும். மைசூரில் இயங்கும் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் குழந்தைகளுக்கான பறவைத் திட்டம் இந்திய மொழிகள் பலவற்றில் படத்தாள்கள் வெளியிடுகிறது, தமிழிலும் கிடைக்கும். கரைப்பறவைகளுக்கு மட்டும் நாமே ஒரு பக்கப் படத்தாள் செய்து கண்ணாடித்தாள் ஒட்டிக்கொள்ளலாம். தொலைநோக்கி வாங்குவதை இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளிவைக்கலாம்.

நோட்டின் பெருங்குறை, அது ஒரே பிரதி என்பது. நனையும், தொலையும், கரையான் அரிக்கும். அதனால்தான் செயலி இரண்டாம் இடத்தில் வருகிறது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாதக் கடைசியில் பக்கங்களைப் படம் எடுத்து இரண்டு பேரிடம் சேமிக்க வேண்டும். கல்லூரி முடித்த அந்த இளைஞர் உட்கார்ந்து ஒவ்வொரு காலையின் கணக்கையும் தனிப் பட்டியலாக ஈபேர்டில் ஏற்றட்டும். நேரமும் இடமும் ஆள் எண்ணிக்கையும் நோட்டில் இருப்பதால் முழுமையான பட்டியலாகவே ஏறும். மதிப்பீட்டாளர் கேள்வி கேட்டால் அவர் பதில் எழுதுவார். ஈபேர்டில் பயனர் கணக்கு வைத்திருப்பவர்களோடு அந்தப் பட்டியலைப் பகிரவும் வழியுண்டு. இப்படி இருபது பேர் பார்ப்பார்கள், இருவர் ஏற்றுவார்கள். இருபது பேரையும் ஏற்றச் சொன்னால் கடைசியில் மிஞ்சுவது அந்த இருவர் மட்டுமே.

எழுதியவர்களின் பெயர் என்ன ஆகும் என்ற கேள்வி வரும். கரையிலிருந்து எண்ணியவர்களின் பெயர், அவர்கள் விரும்பினால், பட்டியலின் குறிப்பில் வரட்டும். 1980களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் எஸ். பாலச்சந்திரன் மன்னார் வளைகுடாத் தீவுகளில் கரைப்பறவைகளை ஆராய்ந்து 1995இல் அக்கழகத்தின் இதழில் எழுதினார். அத்தகைய பழைய ஆய்வோடு இன்றைய நிலையை ஒப்பிட வருபவர் யாராயினும், ஆண்டு முழுவதும் ஒரே புள்ளியில் நின்று எண்ணிய உள்ளூர்க்காரரின் கணக்கைத்தான் முதலில் தேடுவார். அப்போது அந்தப் பெயர்கள் அங்கே இருக்க வேண்டும்.

எப்போது தொடங்குவது

பொங்கலில் தொடங்கலாம் என்பார்கள். நான் சித்திரையைச் சொல்வேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. கடலை நன்கு அறிந்த பலர் அப்போது கரையில் இருப்பார்கள். பள்ளிக் கோடை விடுமுறையும் அதே காலம். ஆலாக்களும் அனுமன் பெயர் பெற்ற உப்புக்கொத்தியும் மணலில் முட்டையிடும் காலமும் அதுவே. நீர் வற்றிய களப்பில் பறவை குறைவாக இருப்பதால் புதிதாக எண்ணப் பழகுபவருக்குத் திகைப்பு இராது. ஐப்பசியில் கூட்டங்கள் வந்து இறங்கும்போது கை பழகியிருக்கும்.

அதற்குமுன் இரண்டு வேலை. சரணாலய எல்லைக்குள் வரும் இடங்களுக்கு வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தேசியப் பூங்காத் தீவுகளைத் தொடவே வேண்டாம். இது எல்லைக் கடல் என்பதால் அரிச்சல்முனையில் பைனாகுலரோடு நிற்பவரைப் பாதுகாப்புப் படையினர் விசாரிப்பார்கள். யார், எந்த நாள், எத்தனை மணிக்கு என்று கடலோரக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே சொல்லி வைத்தால் பிள்ளைகளை அழைத்துப்போகும் ஆசிரியருக்குச் சங்கடம் இராது.

முதல் நான்கு மாதக் கணக்கு கைக்கு வந்ததும் அதை ஆகஸ்ட் 15 கிராம சபையில் வாசிக்கக் கேளுங்கள். பாம்பனும் தங்கச்சிமடமும் ஊராட்சிகள். அங்கே இது முடியும். எந்தக் கரையில் எத்தனை கூடு, எத்தனை நாய், எந்த இடத்தில் வண்டித் தடம் என்று வாசித்தால், அடுத்த கோடையில் அந்த மணலுக்குள் வண்டி இறங்காமல் ஒரு கயிறு கட்டலாமா என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.